வன்னியில் போரில் இறந்த ஊர்ப் பிள்ளை ஒருவரின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் பல வீடுகளில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞனின் படமோ இளம் பெண்ணின் படமோ தொங்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை. 2009 இல் இராணுவப் பகுதிக்குள் வருமுன் எரித்துவிட்டார்கள். அல்லது பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து தோண்டியபோது ஈரம் குடித்த தாள்தான் கையில் வந்தது. இப்போது பெறாமக்கள் வளர்ந்துவிட்டார்கள். "சித்தப்பா என்ன படிச்சவர்? ஏன் போனவர்?" என்று கேட்கிறார்கள். வீட்டில் சொல்லத் தெரிந்தது போராளி இயக்கத்தில் வைத்த ஓர் இயக்கப் பெயர், ஒரு படைநிலை, ஒரு திகதி. அவ்வளவுதான்.

தேடத் தொடங்குகிறவர்கள் அநேகமாக முதலில் இணையத்தில் உலவும் மாவீரர் பட்டியல்களை, அதாவது விடுதலைப் புலிகளில் இருந்து இறந்தவர்களின் பட்டியல்களைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். பெயர் அகப்பட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பட்டியல் ஒருவரின் இறப்பைப் பற்றி ஒரு வரி சொல்லும். அதற்கு முந்திய பதினெட்டு, இருபது வருடங்களைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. அது ஊரிடம் இருக்கிறது, பாடசாலை இடாப்பில் இருக்கிறது, தாயின் வாயில் இருக்கிறது. தாய்மாருக்கு வயதாகிறது, ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பட்டியல் பின்னுக்குத்தான் வரும்.

முதலாவது: யாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறீர்கள்?

தாய், தகப்பன், மனைவி அல்லது கணவன், கூடப் பிறந்தவர்கள். இவர்களில் ஒருவருக்காவது தெரியாமல் தொடங்கக் கூடாது. ஒரே வீட்டில் அம்மா எழுதச் சொல்வார், அரச வேலையில் இருக்கும் தம்பி வேண்டாம் என்பார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பு இலங்கையில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூல் பதிவுக்காக ஆட்கள் விசாரிக்கப்பட்டதும் கைதானதும் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்துக்குள் வைத்திருக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேறு. சின்னத்தோடும் சீருடைப் படத்தோடும் வெளியில் பகிர்வது வேறு. எது எதுவரை போகும் என்பதை முதல் நாளே வீட்டாரோடு பேசி முடிவெடுங்கள். வெளியில் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் செய்யலாம்.

இன்னொன்று. இறந்தவர் தானாக விரும்பிப் போனவரா, பிடித்துக்கொண்டு போகப்பட்டவரா என்பதை மழுப்பாமல் எழுதும் துணிவு இருக்கிறதா என்று பாருங்கள். 2006 க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாயம் இருந்தது. பிள்ளையை ஒளித்து வைத்தவர்கள், அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தவர்கள், பதினெட்டு நிரம்பாத மகளைத் திருப்பித் தரும்படி முகாம் வாசலில் நின்றவர்கள் என்று எத்தனையோ பேர். அதே ஊரில் 1990 இல் ஒருவருக்கும் சொல்லாமல் சைக்கிளை மதவில் சாத்திவிட்டுப் போனவரும் இருப்பார். இரண்டு பேரின் கதையையும் ஒரே வார்ப்பில் ஊற்றினால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

இரண்டாவது: இரண்டு பெயர்களையும் ஒட்டுங்கள்

ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பெயர், இயக்கத்துக்கு ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழும் பாடசாலை இடாப்பும் இயற்பெயரில் இருக்கும். அறிவித்தல், கல்லறை, தோழர்களின் நினைவு எல்லாம் இயக்கப் பெயரில் இருக்கும். இந்த இரண்டும் சேரும் இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இயக்கப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆள் மாறும். ஒரே பெயர் பலருக்கு வைக்கப்பட்டது. ஒருவர் இறந்த பிறகு அவருடைய பெயரை இன்னொருவருக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. நிலையும் அப்படித்தான் குழப்பும். வீரவேங்கை, 2ஆம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப். கேணல் என்ற நிலைகள் பெரும்பாலும் இறப்புக்குப் பிறகே அறிவிக்கப்பட்டன. உயிரோடு இருந்தபோது அவரை யாரும் "கப்டன்" என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். தோழர் ஒருவரிடம் போய் "கப்டன் இன்னாரைத் தெரியுமா" என்று கேட்டால் கையை விரிப்பார். வெறும் இயக்கப் பெயரையும் படையணியையும் சொன்னால் முகம் மாறும்.

ஆகவே ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: இயற்பெயர் முழுதாக, தகப்பன் பெயரோடு; வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர்; பாடசாலையில் பட்டப்பெயர் இருந்தால் அது; இயக்கப் பெயர், அது இடையில் மாறியிருந்தால் இரண்டும்; தகட்டிலக்கம் (போராளி அணிந்த அடையாளத் தகட்டின் இலக்கம்) தெரிந்தால் அதுவும். எழுத்துக்கூட்டல் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஒரே தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் "சுப்பிரமணியம்", இன்னொன்றில் "சுப்ரமணியம்", ஆங்கிலப் பதிவில் மூன்றாவதாக ஒன்று.

எல்லோரும் புலிகளில் இருந்தவர்களும் இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதி வரை வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களிலிருந்து புளொட், ரெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈரோஸ் அமைப்புகளுக்குப் போனவர்கள் பலர். இந்திய இராணுவ காலத்தில், 1989 இல், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் தெருவில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்கள் மாவீரர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். புளொட் ஆண்டுதோறும் யூலை நடுப்பகுதியில் வவுனியாவில் தன் இறந்தவர்களை நினைவுகூர்கிறது, ஈ.பி.ஆர்.எல்.எப். யூன் 19 ஐத் தியாகிகள் தினமாக வைத்திருக்கிறது. அந்த வட்டத்துப் பழைய ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். புலிகளின் எல்லைப்படை, துணைப்படை என்று இருந்த ஊர் ஆட்களும், உதவப்போய் இறந்தவர்களும் "நாட்டுப்பற்றாளர்" என்ற வேறு வகையில் பதியப்பட்டிருக்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் "அப்பிடி ஒருவர் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள்.

மூன்றாவது: வீட்டுக்குள் இருக்கும் கடதாசி

ஒரு வெளிச்சமான காலையில் ட்ரங்குப் பெட்டியை விறாந்தையில் வைத்துத் திறவுங்கள். வீட்டார் "ஒண்டும் இல்லை தம்பி, எல்லாம் இடப்பெயர்வோடை போச்சு" என்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும்.

சாதகக் குறிப்பு இருந்தால் அதை முதலில் எடுங்கள். பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்கும். பிறப்புப் பதிவு பிந்திச் செய்யப்பட்டிருந்தாலும் சாதகம் பிறந்த சில நாட்களிலேயே எழுதப்பட்டிருக்கும். வயதைக் கூட்டியோ குறைத்தோ சொன்ன சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்கவும் இதுதான் உதவும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்கள் என்றால் பங்குக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேடு இதே வேலையைச் செய்யும். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் அதில் கிடைக்கும். அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அடுத்தது யாரும் நினைக்காத ஒன்று: அப்பு, ஆச்சியின் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு பெயரும் விடாமல் போட்டிருப்பார்கள். உறவு முறைக்கு இதைவிட நல்ல ஆவணம் வன்னியில் கிடைக்காது. எங்கள் ஆட்கள் அரச பதிவில் பிழை விடுவார்கள், கல்வெட்டில் ஒரு பேரன் பெயர் தவறினால் சண்டை வந்துவிடும். உங்கள் வீட்டுப் படி தொலைந்திருந்தால் கனடாவிலோ சுவிசிலோ உள்ள உறவினரிடம் கேளுங்கள். நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்திலும் நினைவு மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய சஞ்சிகைகள் ஏராளமாக மின்வருடி வைக்கப்பட்டிருக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம்.

பிறகு படங்கள். சீருடைப் படத்தைக் கவனமாகப் பாருங்கள். கழுத்துக்கும் சட்டைக்கும் இடையில் நிழல் பொருந்தாவிட்டால், அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தை ஸ்ரூடியோவில் சீருடை உடலில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் மூலப் படம் எங்கோ இருக்கிறது. பாடசாலைப் பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்ததாக இருக்கலாம். படத்தின் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, பென்சிலால் எழுதிய திகதி, கடன் பாக்கி என்று எதுவும் இருக்கும். ஒரு ஸ்ரூடியோ 1996 வரை கிளிநொச்சியில் இருந்து, பிறகு மல்லாவிக்குப் போயிருந்தால் அந்த முத்திரையே உங்களுக்கு ஒரு காலக்கணக்கு. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். கண்ணாடியோடு நிழலில் வைத்துச் சற்றுச் சரிவாகப் படம் பிடியுங்கள். லமினேட் பண்ணிவிடாதீர்கள், ஈரம் உள்ளே நின்று தின்றுவிடும்.

கடிதங்கள் இருந்தால் அவற்றில் இடப்பெயர் இருக்காது. நலம் விசாரிப்பும் "என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்பதும்தான் நிறைந்திருக்கும். ஆனாலும் "தங்கச்சி சோதனை எழுதிவிட்டாளா" என்ற ஒரு வரியை வைத்து ஆண்டைப் பிடிக்கலாம். 2002 இலிருந்து 2008 வரை பெற்றோர் யுனிசெப், போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு ஆகியவற்றுக்குக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதிகளும் சில பெட்டிகளில் கிடக்கும். அதில் பிள்ளை கூட்டிச்செல்லப்பட்ட திகதியும் இடமும் தாயின் சொல்லிலேயே இருக்கும்.

நான்காவது: தாயிடம் கேட்பது

இதில் அவசரப்பட்டால் எல்லாம் கெட்டுவிடும். "அம்மா, அவர் எந்தச் சண்டையிலை செத்தவர்?" என்று தொடங்கினால், பலருக்கும் பலமுறை சொல்லிச் சொல்லி மனப்பாடமான மூன்று வசனம் வரும், பிறகு அழுகை வரும், பேச்சு முடிந்துவிடும். இறப்பைக் கடைசியாகக் கேளுங்கள், அல்லது அவராகச் சொல்லும்வரை விடுங்கள்.

சாப்பாடு, உடுப்பு, சைக்கிள், மாடு, சண்டை பிடித்த சகோதரம் என்று கேளுங்கள். "கடைசியா லீவிலை வந்தபோது என்ன சமைச்சனீங்கள் அம்மா?" என்றால் இப்படியொரு பதில் வரும்: "புட்டும் கணவாய்க் கறியும். ரெண்டு நாள்தான் நிண்டவன். போகேக்கை செருப்பு அறுந்துபோச்சு, மூத்தவன்ரை செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன்." இதை அப்படியே எழுதிக்கொண்டு, மூத்தவரிடம் போங்கள். அவர் வன்னியூடாகப் போகும் ஏ-9 நெடும்பாதை 2002 ஏப்ரலில் திறந்த கையோடு கொழும்புக்கு வேலைக்குப் போனவர் என்றால், அந்த லீவு அதற்கு முந்தியது. செருப்பு ஒரு திகதியைத் தந்துவிட்டது. "எந்த வருசம்?" என்று தாயைத் துளைத்திருந்தால் இது வந்திருக்காது.

தாய்மார் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், பொங்கலைச் சொல்வார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்றால் வைகாசி விசாகம். மடு ஆடித் திருவிழா என்றால் யூலை 2. பெரும்போகம் விதைத்து முடித்த கையோடு என்றால் ஐப்பசி, கார்த்திகை. இறந்த திகதி மறந்த வீடுகளில் திவசம் எந்தத் திதியில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி ஆகிய மூன்றும் தெரிந்தால் அந்த ஆண்டின் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்துக்குள் ஆங்கிலத் திகதி வந்துவிடும். ஐயரிடம் கொடுத்தால் அரை மணித்தியால வேலை. ஆனால் ஒரு விசயம்: செய்தி வீட்டுக்கு வந்த நாளின் திதியைத்தான் சில வீடுகள் பிடித்திருக்கும். இறந்த நாள் அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். இரண்டு மூன்று தரம் போங்கள். முதல் தரம் தேநீர் குடித்துவிட்டு வந்தாலே போதும். தாயோடு பேசும்போது அயலட்டைப் பெரியம்மா, மாமி யாராவது வந்து குறுக்கே பேசினால் தடுக்காதீர்கள். அவர் சொல்லும் "இல்லை, அவன் அப்ப ஒன்பதாம் வகுப்பு" என்ற திருத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஐந்தாவது: பாடசாலையும் கந்தோரும்

பாடசாலையின் சேர்வு இடாப்பில் பிறந்த திகதி, பெற்றோர் பெயர், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் இருக்கும். காரணத்தில் பெரும்பாலும் "தொடர்ந்து வரவின்மை" என்றுதான் இருக்கும். அந்தத் திகதிதான் முக்கியம். அதிபரை நேரில் சந்தித்து, குடும்பத்தின் கையொப்பக் கடிதத்தோடு கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். நான் என்றால் அதைக் கடைசியில்தான் கையில் எடுப்பேன். ஊர் அதிபரோடு முறுகிக்கொண்டு வாழ்க்கைக் குறிப்பு எழுத முடியாது.

இடாப்பு அழிந்துபோன பாடசாலைகள் வன்னியில் நிறைய. அப்போது பழைய மாணவர்கள், ரியூசன் வாத்தியார்மார், விளையாட்டுக் கழகப் படங்கள், பாடசாலை மலர்கள் என்று சுற்ற வேண்டியதுதான். இடம்பெயர்ந்த பாடசாலை வேறொரு ஊரில் மரத்துக்குக் கீழே இயங்கியிருக்கும். அந்த ஊர்ப் பாடசாலையிலும் கேட்டுப் பாருங்கள்.

பிறப்புப் பதிவின் படியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பெயரும் உத்தேசத் திகதியும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்றால் மூத்த பிள்ளைகளின் பிறப்பு நுவரெலியா, பதுளைப் பக்கத்தில் பதியப்பட்டிருக்கும். வன்னியில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். கிராம சேவையாளரிடம் பழைய வாக்காளர் இடாப்பு இருந்தால் குடும்பம் எந்த ஆண்டில் எந்த வீட்டில் இருந்தது என்று தெரியும்.

ஆறாவது: இடப்பெயர்வை ஒரு தாளில் போடுங்கள்

வன்னிக் குடும்பம் ஒன்றின் கதையை முகவரியில்லாமல் எழுதவே முடியாது. ஒரு தாளில் இடப்பக்கம் ஆண்டுகள், வலப்பக்கம் குடும்பம் இருந்த இடம். 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு வந்த குடும்பமா? 1996 இல் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கையோடு கிளிநொச்சியை விட்டு அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போனவர்களா? 1997 மே 13 இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபின் நெடுங்கேணி, புளியங்குளம், கனகராயன்குளத்திலிருந்து எழும்பியவர்களா? அல்லது 1984 இலேயே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்தை விட்டு வந்தவர்களா? இவற்றைப் போட்டுவிட்டு, பிள்ளை போன நாளை அதன் மேல் வையுங்கள். பல வீடுகளில், பிள்ளை போனது ஓர் இடப்பெயர்வுக்கு அடுத்த சில மாதங்களில் என்று தெரியவரும். ஏன் போனார் என்ற கேள்விக்கு அந்தத் தாள் கொஞ்சம் பதில் சொல்லும். முழுப் பதிலும் அதுதான் என்று எழுதிவிடாதீர்கள்.

ஏழாவது: இறந்த நாளும் இடமும்

இப்போதுதான் பட்டியலுக்கு வருகிறோம். 2008 நவம்பர் வரை இயக்கம் அறிவித்த தொகையே 22,000 க்கு மேல். பட்டியல்களில் நிலை, இயக்கப் பெயர், தகப்பன் பெயரோடு இயற்பெயர், மாவட்டம், இறந்த திகதி, நிகழ்வு என்ற அளவில் இருக்கும். இயற்பெயர், தகப்பன் பெயர், மாவட்டம் மூன்றும் பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஈழநாதம் பத்திரிகையில் வந்த வீரச்சாவு அறிவித்தலின் துண்டு வீட்டில் இருந்தால் பட்டியலைவிட அதற்கு மதிப்புக் கூட. உடனடியாக எழுதப்பட்டது அது.

பிறகு சண்டையோடு ஒப்பிட வேண்டும். ஊரில் "கிளிநொச்சிச் சண்டை" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். 1996 இல் ஒன்று, 1998 பெப்ரவரியில் ஒன்று, அதே ஆண்டு செப்டெம்பரில் புலிகளின் ஓயாத அலைகள்-2 தாக்குதல், பிறகு 2008 முடிவில் தொடங்கி 2009 சனவரி 2 இல் நகரம் விழும்வரை நடந்தது. ஆனையிறவும் அப்படித்தான்: 1991 யூலை, 1997 சனவரி, 2000 ஏப்ரல். திகதியில்லாமல் இடப்பெயரை மட்டும் நம்பினால் பிள்ளையைப் பிழையான சண்டையில் போட்டுவிடுவீர்கள்.

திகதி இருந்தாலும் பொறி இருக்கிறது. ஓர் உதாரணம். 1998 செப்டெம்பர் 28 என்று கல்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிழமையில் கிளிநொச்சியில் புலிகள் தாக்கி நகரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதே நாட்களில் தெற்கே மாங்குளத்தை இராணுவம் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை எந்தப் பக்கம் நின்றார்? படையணி தெரிந்தால், அது அந்த மாதம் எங்கே நின்றது என்பதைத் தோழர்களிடம் கேட்டுத் தீர்மானிக்கலாம். தெரியாவிட்டால் "கிளிநொச்சி அல்லது மாங்குளம்" என்றே எழுதுங்கள். வாசிக்க அழகில்லைதான், ஆனால் பொய் இல்லை.

காயப்பட்ட நாளும் இறந்த நாளும் வேறாக இருக்கலாம். நிகழ்வு என்ற இடத்தில் மோதல், எறிகணை, விமானக் குண்டு, கிளைமோர் கண்ணிவெடி, விபத்து, சுகவீனம் என்று பலவும் வரும். மலேரியாவிலும் பாம்பு கடித்தும் இறந்தவர்கள் இருக்கிறார்கள்; குடும்பம் அதைச் சொல்லத் தயங்கும். அதையும் அப்படியே எழுதலாம்.

இராணுவத்தின் கையில் அகப்பட்ட உடல்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டதும் உண்டு, அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டதும் உண்டு. 2009 பெப்ரவரியிலிருந்து மே முற்பகுதிவரை புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைச் செஞ்சிலுவைக் கப்பல் ஏற்றிப்போனது. அப்படிப் போய்த் திருகோணமலையிலோ புல்மோட்டையிலோ இறந்திருந்தால் பதிவு இயற்பெயரில் அங்கே இருக்கலாம். வவுனியா வைத்தியசாலைக்கும் இது பொருந்தும்.

எட்டாவது: கல்லறை

1991 இலிருந்துதான் புலிகள் உடல்களைத் துயிலும் இல்லங்கள் என்ற தங்கள் மயானங்களில் விதைக்க, அதாவது புதைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முந்தியவர்கள் எரிக்கப்பட்டிருப்பார்கள், அல்லது வீட்டாரிடம் கொடுக்கப்பட்டிருப்பார்கள். உடல் கிடைத்தவருக்குக் கல்லறை, கிடைக்காதவருக்கு நடுகல். வன்னியில் கனகபுரம், விசுவமடுத் தேராவில், முள்ளியவளை, அலம்பில், வன்னிவிளாங்குளம், முழங்காவில், ஈச்சங்குளம், ஆட்காட்டிவெளி, பண்டிவிரிச்சான் என்று இருந்தன. போர் முடிந்தபின் அவை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. சிலவற்றில் மக்கள் உடைந்த கற்களைக் கூட்டிக் குவித்துத் துப்புரவாக்கி நவம்பர் 27 இல் விளக்கேற்றுகிறார்கள். சில இடங்களுக்குள் போக முடியாது.

கல் உடைந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். 2002 இலிருந்து 2006 வரையான சமாதான காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்கள் கல்லறையில் நின்று படமும் வீடியோவும் எடுத்தார்கள். அந்தக் கசெட் ஒன்று ரொரன்ரோவிலோ பாரிசிலோ ஏதோவொரு அலுமாரியில் கிடக்கும். உங்கள் பிள்ளையின் கல் பக்கத்துக் கல்லாகக் கூட அதில் விழுந்திருக்கலாம். கல்லில் நிலை, பெயர், இயற்பெயர், முகவரி, பிறந்த, இறந்த திகதிகள் எல்லாம் இருந்தபடியால் இரண்டு பெயர்களையும் ஒட்டுவதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

ஒன்பதாவது: இறந்தாரா என்று தெரியாதவர்

2008 இன் கடைசியிலிருந்து பதிவுகள் நொறுங்கிப்போயின. போரின் கடைசி மாதங்களில், ஆனந்தபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் நாட்களில் யார் எங்கே விழுந்தார் என்று எழுத ஆள் இருக்கவில்லை. கூட நின்றவர் கண்டது என்றால், யார் கண்டார், எவ்வளவு தூரத்திலிருந்து, அந்த ஆளை முன்பே தெரியுமா என்று கேட்டு எழுதுங்கள். "ஆரோ கண்டவையாம்" என்பதைக் கண்டதாக எழுதக் கூடாது.

2009 மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பக்கம் இராணுவத்திடம் சரணடைந்தவர், தாயோ மனைவியோ கையால் ஒப்படைத்தவர் என்றால், தயவுசெய்து "இறந்தார்" என்று எழுதாதீர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரின் போராட்டமே அந்த ஒரு சொல்லை ஏற்க மறுத்துத்தான். 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமல் போனவர் என்பதற்கான சான்றிதழை எடுக்க வழி இருக்கிறது. காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பல குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் அதில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. குடும்பம் எந்த எந்த ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தது, இலக்கம் என்ன என்று வரிசையாக எழுதி வைத்தால் போதும்.

கொக்குத்தொடுவாயில் 2023 யூனில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. அதில் எலும்போடு உடைகளும் இலக்கத் தகடுகளும் வந்தன. தகட்டிலக்கத்தை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

பத்தாவது: தோழர்கள்

உயிரோடு இருப்பவர்கள், போர் முடிந்தபின் அரசின் தடுப்பு முகாமும் புனர்வாழ்வும் கடந்து வந்தவர்கள். வேலி அடைத்து, கடை வைத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசியில் அழைத்து "நீங்கள் இன்ன படையணியில் இருந்தனீங்களோ" என்று கேட்பது மகா தவறு. குடும்பத்தின் மூலமாக, நேரில், அவர் விரும்பிய இடத்தில். அவருடைய பெயரையோ ஊரையோ வேலையையோ எங்கும் எழுத வேண்டாம். "கூட இருந்த ஒருவர்" போதும். பெண் தோழிகள் இன்னும் அதிகம் தயங்குவார்கள், கணவன் வீட்டாருக்கே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். அவர்களிடம் சண்டையைக் கேட்காமல், பிள்ளை எப்படிச் சிரிப்பார், என்ன பாட்டு முணுமுணுப்பார், வீட்டைப் பற்றி என்ன சொன்னார் என்று கேளுங்கள். தாய்க்குத் தேவையானதும் அதுதான்.

கடைசி வேலை: எழுதுவதும் வைப்பதும்

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தக் கடதாசி என்று குறியுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். "அம்மா சொல்வது மாசி; பட்டியலில் உள்ளது பங்குனி 4" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. "வீரத்துடன் களமாடி" போன்ற அறிவித்தல் நடையை விட்டுவிடுங்கள். அந்த நடையில் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். பெரியம்மா வீட்டுக் கிணற்றில் நீந்தப் பழகியதை எழுதுங்கள். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டதை எழுதுங்கள். ஊரில் அவரோடு பகை இருந்தவர் சொன்னதையும் ஒரு வரி சேருங்கள்.

முடிந்ததும் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள். எடுத்துவிடு என்று சொல்வதை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காமல். கல்வெட்டு அளவில் ஒரு சின்னப் புத்தகமாகச் சில படிகள் அடித்தால் போதும். ஒன்று வீட்டில், ஒன்று கூடப் பிறந்தவரிடம், ஒன்று வெளிநாட்டுச் சொந்தத்திடம். படங்களும் ஒலிப்பதிவும் இரண்டு வேறு இடங்களில் இருக்கட்டும். கறையானும் மழையும் ஒரே வீட்டை ஒரே நேரத்தில் பிடிக்கும். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் எழுதி முடித்த திகதியைப் போடுங்கள். படி கைமாறிப் போனதும் யாராவது ஒருவர் "இது பிழை, நான் அப்ப அங்கை நிண்டனான்" என்று வருவார். திருத்தி அடுத்த படி அடிக்கும்போது எது புதியது என்று தெரிய வேண்டும்.